முதல் இன்டர்வியூ, இன்னும் எட்டு நாள்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல்படி:

எல்லோருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து முடித்து மூன்று மாதம் ஆகிறது. எத்தனையோ இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பி, இப்போதுதான் முதல் தடவையாக ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூனியர் டெவலப்பர் வேலை. அடுத்த வியாழக்கிழமை, எட்டு நாள் கையில் இருக்கிறது.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது, நெட்டில் கிடைத்த நூறு கேள்வி பதிலை எடுத்து வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வது. நேற்று இருபது முடித்தேன். இன்று காலையில் எழுந்து பார்த்தால் ஐந்தாறுதான் நினைவில் நிற்கிறது. அதைவிடப் பெரிய பயம், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் என்ன சொல்வது, அனுபவம் என்று எதுவுமே இல்லையே. இரண்டாம் வருடத்தில் ஒரு பாடத்தில் அரியர் வைத்து அப்புறம் எழுதித் தேறினேன், அதைக் கேட்டால்? புதிர்க் கணக்கெல்லாம் கேட்பார்களாமே, அதற்கும் தயாராக வேண்டுமா? நாலு பேர் முன்னால் பேசினாலே எனக்குக் குரல் நடுங்கும். எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தேன்சிட்டு:

முதலில் வாழ்த்துகள். போன வருடம் நானும் இதே இடத்தில்தான் இருந்தேன். என் முதல் இன்டர்வியூ சரியாகப் போகவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

ரெஸ்யூமேவில் தெரிந்த மொழிகள் என்று சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஐந்தையும் வரிசையாகப் போட்டிருந்தேன். எதிரில் இருந்தவர் அந்த வரியில் பேனா முனையை வைத்து, "இதில் கடைசியாக எதில் எழுதினீர்கள்?" என்று கேட்டார். பைத்தான் என்றேன். "லிஸ்ட்டுக்கும் டியூப்பிளுக்கும் என்ன வித்தியாசம்?" இரண்டும் பல மதிப்புகளைச் சேர்த்து வைப்பவை, லிஸ்ட்டை மாற்றலாம், டியூப்பிளை மாற்ற முடியாது என்று படித்து வைத்திருந்ததை அப்படியே சொன்னேன். "சரி, நீங்கள் எழுதியதில் எங்கே டியூப்பிள் போட்டீர்கள், அங்கே லிஸ்ட் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. முதல் பதில் சரியானதுதான், ஆனால் அது என்னுடையது இல்லை என்பது அந்த இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துபோனது.

வீட்டுக்கு வந்து மூன்று மொழியை ரெஸ்யூமேவிலிருந்து எடுத்துவிட்டேன். பார்க்கச் சின்னதாகிவிட்டதே என்று மனசு கேட்கவில்லைதான். ஆனால் அடுத்த இன்டர்வியூவில் அவர்கள் எந்த வரியைத் தொட்டாலும் எனக்குப் பேச விஷயம் இருந்தது. நீங்களும் உங்கள் ரெஸ்யூமேவிலிருந்தே ஆரம்பியுங்கள்.

நேர்கோடு:

தம்பி, நான் பன்னிரண்டு வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன், அதில் ஏழு வருடமாகக் கேள்வி கேட்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தேன்சிட்டு சொன்னதை அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

படிப்பு முடித்து வருகிறவரிடம் வேலை அனுபவம் இருக்காது என்று தெரிந்துதான் கூப்பிடுகிறோம். அதனால் "அனுபவம் இல்லையே" என்று நீங்கள் கூசிப்போக வேண்டியதில்லை, மன்னிப்புக் கேட்பதுபோல ஆரம்பிக்கவும் வேண்டாம். நான் தேடுவது ஒன்றே ஒன்று: இந்தப் பிள்ளை ஒரு வேலையை உண்மையிலேயே கையால் தொட்டுச் செய்திருக்கிறதா, அதில் சிக்கல் வந்தபோது என்ன யோசித்தது. இது எந்த நூறு கேள்வியிலும் இருக்காது, உங்கள் ரெஸ்யூமேவுக்குள்தான் இருக்கிறது. நூறு கேள்வியை இன்றைக்கு மூடி வையுங்கள். ரெஸ்யூமேவை ஒரு பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலால் எழுதுங்கள். இதில் நான் செய்தது என்ன, எங்கே சொதப்பியது, எப்படிச் சரிசெய்தேன், செய்த பிறகு என்ன மாறியது. எழுத ஒன்றுமே வராத வரி இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இப்போது உங்கள் கடைசி வருட பிராஜெக்டை, இன்டர்வியூவில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே இங்கே எழுதுங்கள். திருத்தாமல் எழுதுங்கள், பார்க்கலாம்.

முதல்படி:

சரி அக்கா. இதுதான்:

"எங்கள் பிராஜெக்டின் பெயர் நூலக மேலாண்மை அமைப்பு. இதற்கு எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் ஆகியவற்றைப் பயன்படுத்தினோம். இதில் புத்தகங்களைச் சேர்க்கலாம், தேடலாம், இரவல் கொடுக்கலாம், திரும்பப் பெறலாம். திருப்பித் தர வேண்டிய நாளுக்கு முன் மாணவருக்கு மெயில் போகும். எதிர்காலத்தில் இதை மொபைல் செயலியாக விரிவாக்கலாம்."

நேர்கோடு:

நன்றி. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முழுப் பத்தியிலும் "நான்" என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. "எங்கள்", "பயன்படுத்தினோம்". நம் பழக்கத்தில் "நான் செய்தேன்" என்று சொன்னால் பெருமையடிப்பதுபோல இருக்குமோ என்று கூச்சம் வரும், அது எனக்குப் புரிகிறது, நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் வேலைக்கு எடுக்கப்போவது உங்கள் குழுவை இல்லை, உங்களை. குழுவில் எத்தனை பேர், உங்கள் பங்கு எது? அப்புறம், இதே பிராஜெக்டை இதே வரிசையில் ஒரே வாரத்தில் நான்கு பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்களுடையது எங்கே வேறுபடுகிறது? அதைச் செய்யும்போது எது உடைந்தது?

முதல்படி:

நாலு பேர் அக்கா. நான் டேட்டாபேஸ் பக்கம். உடைந்தது ஒன்று இருக்கிறது, ஆனால் அதைச் சொன்னால் கெட்ட பெயர் வருமோ என்று விட்டுவிட்டேன்.

புத்தக டேபிளில் ஐஎஸ்பிஎன்னை, அதாவது புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை, பிரைமரி கீயாக வைத்திருந்தேன், ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும், திரும்ப வராத எண் அது. ஒரு புத்தகத்துக்கு ஒரு எண், இரண்டு புத்தகத்துக்கு ஒரே எண் வராது என்று நினைத்தேன். டெமோ காட்டும்போதெல்லாம் நன்றாகத்தான் ஓடியது. கல்லூரி நூலகர் ஒருநாள் வந்து உட்கார்ந்து, ஒரே பாடப்புத்தகத்தின் இரண்டு பிரதியைச் சேர்க்கப் பார்த்தார். இரண்டாவது ஏறவில்லை, எரர். "தம்பி, இந்தப் புத்தகம் எங்களிடம் பதினெட்டு இருக்கிறது, பதினெட்டு பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன்" என்றார். ஐஎஸ்பிஎன் ஒரு பதிப்புக்குத்தான், அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு பிரதிக்கும் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் ஒவ்வொரு பிரதியின் உள்பக்கத்திலும் முத்திரை குத்தி எழுதியிருந்த பதிவு எண்ணைக் காட்டினார். அப்புறம் நான் டேபிளை இரண்டாகப் பிரித்தேன், தலைப்பு விவரம் ஒன்றில், பிரதிகள் இன்னொன்றில், அந்தப் பதிவு எண்ணே கீ. இரவல் கொடுக்கும் கோடு எழுதிய நண்பன் அவன் பக்கத்தையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது, அவனுக்குக் கோபம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து சேர்ந்தே மாற்றினோம்.

நேர்கோடு:

தம்பி, இதுதான் உங்கள் இன்டர்வியூ. இதை மறைத்துவிட்டு எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் என்று சொல்லப்போயிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

இதில் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள். ஒரு தப்பான அனுமானம், அது எப்படி வெளியே வந்தது, பயன்படுத்துகிறவர் சொன்னதை நீங்கள் காது கொடுத்துக் கேட்டது, டிசைனை மாற்றியது, அதனால் இன்னொருவருக்கு வேலை கூடியபோது கூடவே உட்கார்ந்தது. இன்டர்வியூ எடுக்கிறவர்கள் சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்று நான்காகப் பிரித்துக் கேட்பார்கள், உங்கள் கதையில் நான்கும் தானாகவே அமைந்திருக்கிறது. நேரத்தை மட்டும் கவனியுங்கள். சூழலையே இரண்டு நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தால் கேட்கிறவர் களைத்துப்போவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"நாலு பேர் சேர்ந்து கல்லூரி நூலகத்துக்கு ஒரு அப்ளிகேஷன் செய்தோம், டேட்டாபேஸ் என் பொறுப்பு. முதலில் ஐஎஸ்பிஎன்னை பிரைமரி கீயாக வைத்தேன், அது தவறு. நூலகர் ஒரே புத்தகத்தின் இரண்டாவது பிரதியைச் சேர்த்தபோது எரர் வந்தது. தலைப்புக்கு ஒரு டேபிள், பிரதிக்கு ஒரு டேபிள் என்று பிரித்து, நூலகப் பதிவு எண்ணைக் கீயாக்கினேன். அதன் பிறகு ஒரே புத்தகத்தின் எத்தனை பிரதியையும் தனித்தனியாக இரவல் கொடுக்க முடிந்தது."

ஒரு நிமிடம்கூட ஆகாது. "அது தவறு" என்பதை நேராகச் சொல்லுங்கள், குரலைத் தாழ்த்த வேண்டாம். இதற்குப் பிறகு அவர்கள் கேட்கப்போகும் கேள்வி பெரும்பாலும் இந்தக் கதையிலிருந்துதான் வரும், அங்கே உங்களுக்குத் தெரிந்த தெருவில்தான் நடக்கிறீர்கள். இதேபோல இன்னும் மூன்று கதை தேடி எடுங்கள். ஒன்று யாருடனாவது கருத்து வேறுபட்டது, ஒன்று புதிதாக ஒன்றைத் தானாகக் கற்றது, ஒன்று நேரம் போதாமல் திணறியது. பாதிக் கேள்விகளுக்கு இந்த நான்கே திரும்பத் திரும்ப உதவும்.

ஏடு:

நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மீதிக் கேள்விகளுக்கு நான் சொல்கிறேன்.

புதிருக்காக எட்டு நாளில் ஒரு மணி நேரம்கூடச் செலவழிக்க வேண்டாம். இந்தப் பழக்கம் புதிதில்லை. எடிசன் தன்னிடம் வேலை கேட்டு வந்த பட்டதாரிகளுக்கு நூறுக்கும் மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகள் வைத்திருந்தார், 1921-ல் அவை செய்தித்தாளில் வெளியாகிப் பெரிய சர்ச்சையானது. அதே வருடம் ஐன்ஸ்டைனிடம் அதிலிருந்து ஒன்றைக் கேட்டார்கள், ஒலியின் வேகம் என்ன என்று. புத்தகத்தில் பார்த்துக்கொள்ளக் கூடியதை நான் மனதில் சுமப்பதில்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். அண்மைக் காலத்தில் புதிர்க் கேள்விகளுக்குப் பேர்போனது கூகுள், 2013-ல் அவர்களுடைய மனிதவளத் தலைவர் லாஸ்லோ போக், அந்தப் புதிர்கள் எதையும் கணித்துச் சொல்லவில்லை, வீண் வேலை என்று வெளிப்படையாகவே சொன்னார். இப்போதும் யாராவது கேட்டால், சத்தமாக யோசியுங்கள், போதும். எப்படி அணுகுகிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது பலரைத் தேவையில்லாமல் கலங்க வைக்கிறது. பல இடங்களில் இப்போது வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். யார் வேலையை நன்றாகச் செய்வார் என்று முன்கூட்டிச் சொல்வதில் இந்த முறை மற்ற முறைகளைவிட மேலாக இருக்கிறது என்று 2022-ல் சாக்கெட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதினார்கள். இதில் உங்களுக்கு என்ன விஷயம் என்றால், எதிரில் இருப்பவர் உங்களைப் பார்க்காமல் குனிந்து தாளில் எழுதிக்கொண்டே இருக்கலாம், சிரிக்காமல் அடுத்த கேள்விக்குப் போகலாம். பதில் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் சொன்னதைத்தான் அவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அரியர் விஷயம்: கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். எந்தப் பாடம், ஏன் தவறியது, எப்படித் தேறினீர்கள். ஆசிரியர் சரியில்லை, பேப்பர் திருத்தியது சரியில்லை என்று ஆரம்பிக்காதீர்கள். கேட்காவிட்டால் நீங்களாக எடுக்க வேண்டாம், ஆனால் விண்ணப்பப் படிவத்தில் அந்த இடம் இருந்தால் உண்மையை எழுதுங்கள். மறைத்தது சான்றிதழ் சரிபார்க்கும்போது தெரிந்தால், அரியருக்காக இல்லை, மறைத்ததற்காக வேலை போகும்.

கால்குலேட்டர்:

நான் காமர்ஸ் பக்கம், கணக்கு வேலைக்குப் போனவன். மேலே சொன்னதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன், ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பயத்தில் வாய் ஒட்டிக்கொள்ளும்போது காப்பாற்றுவது மனப்பாடம்தான். நான் அறிமுகத்தை ஒரு சொல் மாறாமல் படித்துக்கொண்டு போனேன், முதல் நிமிடம் அதுதான் என்னைத் தாங்கியது.

நேர்கோடு:

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை தம்பி. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் எப்படிக் கேட்கும் தெரியுமா? மனப்பாடமாக வரும் பதிலில் மூச்சு விடும் இடம் மாறிவிடும், கண் மேலே போய்விடும். நடுவில் நான் ஒரு சின்னக் கேள்வி போட்டால், பதில் சொல்லிவிட்டு எங்கே விட்டோம் என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும், நிறுத்திக்கொள்ளுங்கள் என்றும் சொல்ல முடியாது.

முதல் இரண்டு வாக்கியம் மட்டும் கல்லில் எழுதியதுபோல இருக்கட்டும், அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். நான் இன்னார், இதைப் படித்தேன், இந்த வேலையில் எனக்கு ஆர்வம் வந்தது இதனால். மீதிக்குக் குறிப்புகள் மட்டும், சொற்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாக வரட்டும்.

ஏடு:

படிக்கும் முறையையும் மாற்றுங்கள் முதல்படி. நேற்று படித்தது இன்று நிற்கவில்லை என்றீர்களே. ரோடிகரும் கார்ப்பிக்கேவும் 2006-ல் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது, இன்னொரு குழு படித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் முதல் குழுதான் மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் இரண்டாவது குழு நன்றாக முந்திவிட்டது. உங்கள் கையிலும் சுமார் ஒரு வாரம்தான் இருக்கிறது. அதனால் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் எல்லாம் சரளமாக வருவதுபோல இருக்கும், வாயைத் திறந்தால்தான் எங்கே தட்டுகிறது என்று தெரியும். போனில் ரெக்கார்ட் செய்து கேளுங்கள். முதல் தடவை கேட்கக் கஷ்டமாக இருக்கும், கேளுங்கள்.

முதல்படி:

ரெக்கார்ட் செய்து பார்த்தேன். "வந்து", "வந்து" என்று ஒரு நிமிடத்தில் பதினொரு தடவை சொல்கிறேன், எனக்கே தெரியாது. இன்று மூன்றாவது தடவையில் நாலாகக் குறைந்தது. நடுக்கம் மட்டும் போகவில்லை. வீட்டில் தனியாகப் பேசும்போதே இப்படி என்றால் அங்கே எப்படி?

தேன்சிட்டு:

எனக்கு உதவியதைச் சொல்கிறேன். நமக்குள் இருக்கும் படபடப்பு வெளியே அப்படியே தெரிகிறது என்று நாம் நினைக்கிறோம், அவ்வளவு தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2003-ல் இதைச் சோதித்தார்கள். பேசுகிறவர்கள் தங்கள் பதற்றம் எவ்வளவு தெரிந்தது என்று நினைத்தார்களோ, கேட்டவர்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் தெரிந்தது. அடுத்துதான் முக்கியம், இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேசச் சொன்னவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். தெரிந்துகொண்டதே அவர்களுக்கு உதவியிருக்கிறது, அதனால்தான் உங்களிடமும் சொல்கிறேன்.

நடுங்கக் கூடாது என்று நடுக்கத்தோடு சண்டை போடாதீர்கள். கை நடுங்கினால் மேசை மேல் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டதும் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை, "ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அப்புறம் வீட்டில் அண்ணனோ அக்காவோ யாராவது இருந்தால் எதிரில் உட்கார வைத்து ஒரு தடவை முழுதாகச் செய்யுங்கள். தனியாகப் பத்து தடவை சொன்னதைவிட அது அதிகம் உதவும்.

கால்குலேட்டர்:

வீடியோ காலா நேரிலா என்று மெயிலை இன்னொரு தடவை பாருங்கள். வீடியோ என்றால் வெளிச்சம் முகத்துக்கு எதிரில் இருக்கட்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டினால் கறுப்பு உருவம்தான் தெரியும். கேமரா கண் உயரத்தில் இருக்க லேப்டாப்புக்குக் கீழே நாலு புத்தகம் அடுக்குங்கள். முந்தின நாளே அந்த லிங்கைத் திறந்து மைக் ஓடுகிறதா பாருங்கள். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: டெபாசிட், டிரெய்னிங் கட்டணம் என்று எங்காவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள், வேலை கொடுக்கிறவர் பணம் கேட்க மாட்டார்.

நேர்கோடு:

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள். அவர்கள் கம்பெனி என்ன செய்கிறது, யாருக்குச் செய்கிறது என்று வெப்சைட்டில் அரை மணி நேரம் படித்துவிட்டுப் போங்கள், கேள்வி தானாக வரும். ஒன்றும் வராவிட்டால், "இந்த வேலைக்குச் சேருகிறவர் முதல் மூன்று மாதம் என்ன செய்வார், யாருடன் உட்கார்ந்து வேலை பார்ப்பார்?" என்று கேளுங்கள். உங்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

தெரியாத கேள்வி வரும், கட்டாயம் வரும். தெரியாது என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு நிறுத்தாமல், அதற்குப் பக்கத்தில் தெரிந்தது என்னவோ அதுவரை போய்க் காட்டுங்கள்.

முதல்படி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று முடிந்தது. நேரில்தான், இரண்டு பேர் இருந்தார்கள், நாற்பது நிமிடம்.

அறிமுகம் தடுமாறாமல் வந்தது. பிராஜெக்ட் என்றதும் நூலகர் கதையைச் சொன்னேன். "அது தவறு" என்று சொன்ன இடத்தில் இரண்டாவது ஆள் நிமிர்ந்து பார்த்தார். அதிலிருந்தே இருபது நிமிடம் போனது. இரண்டு டேபிளையும் எப்படி ஜாயின் செய்தீர்கள் என்று வெள்ளைப் பலகையில் எழுதச் சொன்னார், எழுதினேன், கை நடுங்கியது, எழுத்து கோணலாகத்தான் வந்தது. அரியரைப் பற்றிக் கேட்கவே இல்லை. புதிர் எதுவும் இல்லை. ஒருவர் முழுக்கக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார், ஏடு சொன்னது நினைவுக்கு வந்ததால் பயப்படவில்லை.

ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். "உங்கள் நூலகத்தில் பத்து லட்சம் புத்தகம் இருந்து, தலைப்பை வைத்துத் தேடினால் மெதுவாகிவிடுமே, என்ன செய்வீர்கள்?" இன்டெக்ஸ் என்று படித்திருக்கிறேன், நானாகப் போட்டுப் பார்த்ததில்லை என்று உள்ளபடியே சொன்னேன். புத்தகத்தின் பின்னால் அகராதி வரிசையில் சொல்லடைவு இருப்பதுபோல, எல்லா வரியையும் படிக்காமல் நேராக அந்த இடத்துக்குப் போக உதவும் என்று நினைக்கிறேன் என்றேன். தலையாட்டினார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலமே மெயில் வந்துவிட்டது, திங்கட்கிழமை இரண்டாவது சுற்று, டீம் லீடருடன். இப்போது எதைப் படிப்பது அக்கா?

நேர்கோடு:

ரொம்ப சந்தோஷம் தம்பி. புதிதாக எதுவும் படிக்க வேண்டாம், அந்த இன்டெக்ஸை மட்டும் எடுங்கள். அதே கேள்வி டீம் லீடரிடமிருந்து திரும்ப வர நிறைய வாய்ப்பு இருக்கிறது, முதல் சுற்றுக் குறிப்பு அவர் கையில் இருக்கும்.

உங்கள் தலைப்பு டேபிளில் ஒரு சின்ன லூப் எழுதிப் பத்து லட்சம் பொய்த் தலைப்புகளைக் கொட்டுங்கள். முழுத் தலைப்பைக் கொடுத்து ஒரு தடவை தேடுங்கள், எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்டெக்ஸ் போட்டு மறுபடி தேடுங்கள். அப்புறம் தலைப்பின் நடுவில் இருக்கும் ஒரு சொல்லை மட்டும், இரண்டு பக்கமும் சதவீதக் குறி (அந்த இடத்தில் எதுவும் இருக்கலாம் என்று பொருள்) போட்டு லைக் வைத்துத் தேடுங்கள், அப்போது அந்த இன்டெக்ஸ் உதவாது, ஏன் உதவவில்லை என்று, டேட்டாபேஸ் எப்படித் தேடுகிறது என்பதைக் காட்டும் எக்ஸ்பிளெயின் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன சொல்லடைவு உவமையிலேயே அதற்கும் காரணம் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரிக்குள் என்ன பார்த்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள், நான் கேள்வி கேட்கிறேன்.